எழுதப்படாத எடுகூற்று

9 ஆகஸ்டு 1976

கல்லூரியின் புகுமுக வகுப்பில் இன்று நாற்பத்தோரு பேர். பாதிப் பேருக்கு லாஜிக் படிக்க விருப்பமில்லை. விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தவர்கள். ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதி, இதில் எது முடிவு, எவை எடுகூற்றுகள் என்று பிரிக்கச் சொன்னேன். முப்பது பேர் கடைசி வாக்கியத்தின் அடியில் கோடு போட்டார்கள். கடைசியில் வருவதால் அது முடிவாம்.

முடிவு முதல் வரியிலும் இருக்கலாம், நடுவில் ஒளிந்தும் இருக்கலாம். இடத்தைப் பார்க்காதீர்கள், எந்த வரியை நிறுவுவதற்காக மற்ற வரிகள் வந்திருக்கின்றன என்று கேளுங்கள் என்றேன். 'ஆகவே' என்று வந்தால் அடுத்து வருவது முடிவு. 'ஏனென்றால்' என்று வந்தால் அடுத்து வருவது எடுகூற்று, அதாவது முடிவைத் தாங்கும் கால். இரண்டு சொல்லும் இல்லாமல் வாதாடுகிறவர்கள்தான் உலகத்தில் ஜாஸ்தி. அதைச் சொல்லவில்லை. பரீட்சைக்கு வராது.

பே கோபுரத் தெருவில் இன்றும் குழாயில் தண்ணீர் இல்லை. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தேன். அவளுக்கு வாதத்தில் இடது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகிறது. "இன்னிக்கு இன்னா பாடம் நடத்துன?" என்று கேட்டாள். சொன்னேன். "அத வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாள்.

ஆறு வருஷமாகத் தற்காலிக ஆசிரியையாக இருக்கிற எனக்கும் அதுதான் கேள்வி.

22 செப்டம்பர் 1976

பணி நிரந்தரம் பற்றித் தாளாளரிடம் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். இது ஆறாவது 'பாக்கலாம்'.

13 டிசம்பர் 1976

தீபம் முடிந்து ஒரு வாரம் ஆகியும் ஊரில் கூட்டம் குறையவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு என் வினாத்தாளின் கையெழுத்துப் பிரதியை ஆபீஸில் கொடுத்தேன். சூப்பரின்டென்ட் ராமதாஸ் வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்தார். புதன்கிழமை ஸ்டென்சில் வெட்டுவார்களாம்.

நான்காம் கேள்விதான் எனக்குப் பிடித்தது:

'மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் செருப்பில்லாமல் நடப்பவர்கள். சக்கரபாணி செருப்பில்லாமல் நடக்கிறான். ஆகவே சக்கரபாணி மலையைச் சுற்றுகிறவன். இவ்வாதத்தின் எடுகூற்றுகளையும் முடிவையும் பிரித்துக் காட்டி, வாதம் சரியா எனக் கூறுக.'

சரியில்லை. செருப்பு வாங்க வழியில்லாதவனும் செருப்பில்லாமல்தான் நடக்கிறான்.

15 டிசம்பர் 1976

காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. வரலாற்றுத் துறைத் தலைவர் பெயரும் சக்கரபாணி. பையன்கள் சும்மா விடமாட்டார்கள். ஓடிப்போய் ராமதாஸிடமிருந்து பிரதியை வாங்கி, அந்தப் பெயரை இரண்டு இடத்திலும் அடித்துவிட்டு, 'சடையன்' என்று எழுதிக் கொடுத்தேன். "இதுக்கா இப்பிடி மூச்சு வாங்க ஓடியாந்தீங்க?" என்று சிரித்தார். பிறகுதான் ஸ்டென்சில் வெட்டினார்கள். மத்தியானம் நகல் எடுத்து, பொட்டலம் கட்டி, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டினார்கள். சாவி அட்டெண்டர் மண்ணாங்கட்டியிடம்.

17 டிசம்பர் 1976

தேர்வு தொடங்குவதற்கு முன்பே லாஜிக் கேள்விகள் வெளியே போய்விட்டனவாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலைந்து பையன்கள் ஒரு சீட்டை வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துப் பிரின்சிபாலிடம் சொல்லியிருக்கிறார்கள். சீட்டை யாரும் பிடுங்கவில்லை. பையன்கள் யார் என்றும் தெரியவில்லை. தேர்வு நடந்து முடிந்தது.

20 டிசம்பர் 1976

மண்ணாங்கட்டியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள். பொட்டலத்தின் அரக்கு லேசாக உடைந்திருந்தது என்று ராமதாஸ் சொல்கிறார். விசாரணைக்கு மூன்று பேர். சக்கரபாணி தலைவர். கணக்குத் துறைச் சின்னசாமி. நான்.

என் வினாத்தாள் வெளியாகியிருக்கிறது, நானே விசாரிக்கலாமா என்று கேட்டேன். "நீங்க லாஜிக் டீச்சரும்மா. ரிப்போர்ட்ட நீங்கதான் ஒழுங்கா எழுதுவீங்க" என்றார் சக்கரபாணி. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம்.

27 டிசம்பர் 1976

விடுமுறை. வீட்டில் விடைத்தாள் திருத்தினேன். பதினேழாவது தாளில் நின்றுவிட்டேன்.

நான்காம் கேள்விக்கு விடை: 'முதல் எடுகூற்று: மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் செருப்பில்லாமல் நடப்பவர்கள். இரண்டாம் எடுகூற்று: சக்கரபாணி செருப்பில்லாமல் நடக்கிறான்.'

சக்கரபாணி! அச்சடித்த வினாத்தாளில் இருப்பது சடையன். எடுத்து மறுபடியும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் சடையன்தான்.

மீதித் தாள்களையும் புரட்டினேன். மொத்தம் ஐந்து தாள்களில் சக்கரபாணி. யாரோ எழுதிக் கொடுத்த விடையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, எதிரிலிருக்கும் கேள்வியைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள். பதிவெண்களைப் பார்த்தேன். அதில் ஒன்று ராமதாஸின் மகனுடையது.

சக்கரபாணி என்ற பெயர் என் கையெழுத்துப் பிரதியில் மட்டும்தான் இருந்தது. திங்களிலிருந்து புதன் காலை வரை. அது இருந்தது ராமதாஸின் இழுப்பறையில். பீரோவுக்குள் போனது சடையன் மட்டும்தான். அப்படியானால் கேள்வி பீரோவிலிருந்து போகவில்லை. மண்ணாங்கட்டியின் சாவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு எடுகூற்று, ஒரு முடிவு. எங்கும் ஓட்டை இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தப் பாடம் எதற்கோ பயன்பட்டிருக்கிறது.

3 ஜனவரி 1977

விசாரணை. மண்ணாங்கட்டி கைகட்டி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

"சாவி உங்கிட்டதானே இருந்துச்சு?" என்றார் சக்கரபாணி.

"ஆமாங்க. இடுப்புலயேதான் வெச்சிருந்தேன்."

"பீரோவ வேற யாராச்சும் தொறந்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்போ நீதானே?"

"எனக்குப் படிக்கவே வராதுங்களே. அதுல இன்னா பாடம் இருந்துச்சுன்னுகூடத் தெரியாதுங்க."

"படிப்பு எதுக்கு? எடுத்துக் குடுக்கக் கை இருந்தாப் போதாதா?"

சின்னசாமி சிரித்தார். மண்ணாங்கட்டி என்னைப் பார்த்தார். நாளை சக்கரபாணியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் குனிந்து குறிப்பெழுதினேன். ஏன் அங்கேயே சொல்லவில்லை? மரியாதைக்காகவா? பயமா?

அவர் வெளியே போனதும் சக்கரபாணி சொன்னது: "இவனுங்க கையில சாவியக் குடுத்ததே தப்பு."

4 ஜனவரி 1977

ஐந்து விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். தன் பெயரைப் பார்த்ததும் சக்கரபாணியின் முகம் சிவந்தது. பொறுமையாக முழுவதும் கேட்டார். புரிந்துகொண்டார் என்பது தெரிந்தது. வரலாறு படித்தவர், மூளைக்காரர்.

"ராமதாஸ் தாளாளருக்கு மச்சான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இத எழுதுனா யாரு மேல போய் நிக்கும்னு தெரியுமில்ல?"

"உண்மை அதுதானே சார்."

தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "உங்க ஃபைல் தாளாளர் டேபிள் மேல இருக்குதும்மா. ஜூன்ல பர்மனென்ட் பண்ணிடலாம்னு சொல்லிகினு இருந்தார். நான் இன்னாத்துக்கு நடுவுல? நீங்களே யோசிச்சுக்கோங்க."

குரலை உயர்த்தவில்லை. காபி வேறு வரவழைத்தார். குடித்தேன்.

6 ஜனவரி 1977

அம்மாவிடம் சொன்னேன். "வேலைய வுட்டுட்டா என்ன யாருடி தூக்கி ஒக்கார வெப்பாங்க?" என்றாள்.

ஆள் வைக்கச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்கு வேலை வேண்டும். வேலைக்கு... எல்லாம் வரிசையாக வருகிறது. முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற எடுகூற்றுகளைத் தேடிப் பிடிப்பவனைப் பற்றி வகுப்பில் என்ன சொல்வேன்? அவன் வாதாடவில்லை, சமாதானம் தேடுகிறான் என்பேன்.

11 ஜனவரி 1977

அறிக்கை எழுதினேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

'1. வினாத்தாள் பொட்டலங்கள் பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டன. 2. அப்பீரோவின் சாவி அட்டெண்டர் மண்ணாங்கட்டியிடம் மட்டுமே இருந்தது. 3. பீரோவின் பூட்டு உடைக்கப்படவில்லை. ஆகவே வினாத்தாளை வெளியிட்டவர் மேற்படி மண்ணாங்கட்டியே என இக்குழு கருதுகிறது.'

மூன்று வரியும் உண்மை. ஒவ்வொன்றையும் நிரூபிக்கலாம். ஒரு வரிதான் இல்லை. கேள்விகள் பீரோவிலிருந்துதான் வெளியே போயின என்ற வரி. அதை எழுதியிருந்தால் பொய் எழுதியவளாவேன். எழுதாமல் விட்டால்? இல்லாத அந்த வரியின் மேல்தான் முடிவு மொத்தமும் நிற்கிறது. அதை விட்டுவிட்டால் நான் பொய் எழுதவில்லை என்று ஆகிவிடுமாம்! எந்த மாணவனும் என்னை இவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றியதில்லை.

இன்னொன்றும் எழுதவில்லை. 'இவனுங்க அப்படித்தான்.' சக்கரபாணிக்கும் சின்னசாமிக்கும் ராமதாஸுக்கும் அதுதான் முதல் எடுகூற்று. சாவி, பீரோ எல்லாம் பிறகு வந்தவை. அது இருப்பதால்தான் மற்ற எதையும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

12 ஜனவரி 1977

கையெழுத்துப் போட்டேன்.

2 பிப்ரவரி 1977

மண்ணாங்கட்டியை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர்.

20 பிப்ரவரி 1977

ஞாயிறு. காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு பெண். அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். மண்ணாங்கட்டியின் மனைவி எல்லம்மாள். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அறிக்கையின் நகல்.

அழ வந்திருக்கிறாள், காலில் விழப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எங்க வூட்டுக்காருதான் எடுத்தாருன்னு இதுல எந்த எடத்துல எழுதியிருக்குது? வெரல வெச்சுக் காட்டுங்க."

கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"அதுக்கு மேல இன்னா இருக்குது?"

ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"பொட்டலம் பீரோவுல இருந்துச்சு. சரி. சாவி அவருகிட்ட இருந்துச்சு. சரி. பூட்டு ஒடையல. அதுவும் சரி. பேப்பரு அந்தப் பீரோவுலர்ந்துதான் வெளிய போச்சுன்னு எங்க எழுதியிருக்குது?"

ஏழு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு வகுப்பில் ஒரு மாணவனாவது இப்படிக் கேட்டதில்லை.

"எழுதல" என்றேன்.

"எழுதாம எப்பிடிம்மா கடைசி வரிக்குப் போனீங்க?"

அவள் குத்திக் காட்டுகிற குரலில் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. படித்தவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வழி இருக்கும், தனக்குத்தான் தெரியவில்லை என்பது போலக் கேட்டாள். நான் வாய் திறக்காததைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. முகம் மாறியது. காகிதத்தை என் விரலுக்கு அடியிலிருந்து இழுத்து, மடித்து, மடியில் சொருகிக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

உள்ளேயிருந்து அம்மா, "யாருடி வந்தது?" என்றாள். விலாசம் தப்பி யாரோ வந்துவிட்டார்கள் என்றேன்.

18 ஏப்ரல் 1977

அரையாண்டு விடைத்தாள்களைப் பழைய பேப்பருக்குப் போடும்படி உத்தரவு. கட்டுக் கட்டினேன். அந்த ஐந்தையும் தனியாக எடுத்து வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். எதற்கு? எடுத்து வைத்தால் என்றைக்காவது காட்டவேண்டி வரும். கட்டோடு போட்டுவிட்டேன்.

30 ஜூன் 1977

நிரந்தர ஆணை வரவில்லை. "இந்த வருஷம் கொஞ்சம் செரமம்மா" என்றார் தாளாளர்.

29 மே 1978

வேலை போய்விட்டது.

ஜூலையிலிருந்து பள்ளிக்கூடங்களில் பிளஸ் டூ வருகிறது. கல்லூரியில் புகுமுக வகுப்பு இனி கிடையாது. புகுமுக வகுப்பில்தான் லாஜிக் இருந்தது. உத்தரவு தெளிவாக இருக்கிறது: 'பாடம் இல்லாத ஆசிரியர்களுக்குப் பணி இல்லை. தங்கள் பாடம் நீக்கப்பட்டது. ஆகவே தங்கள் பணி முடிவுக்கு வருகிறது.' என் மாணவன் எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

சின்னசாமிக்கும் வகுப்புகள் குறைந்துவிட்டன. அவர் நிரந்தரம், இருக்கிறார். சக்கரபாணியைப் பார்த்தேன். "நீங்க டெம்பரரிதானேம்மா. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றுகிறது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

எதற்காகக் கையெழுத்துப் போட்டேனோ அது கடைசி வரை கிடைக்கவே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் எவனாவது பரிதாபப்படுவானா? நான்தான் படுவேனா?

14 மார்ச் 1979

அம்மா போய்விட்டாள். விடியற்காலை. நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

2 ஜூலை 1979

செங்கம் ரோட்டில் வக்கீல் சகாதேவனின் ஆபீஸில் சேர்ந்தேன். ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரம். மனு எழுதுவது, நகல் எடுப்பது, கட்சிக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குறிப்பது. சின்ன வயசு வக்கீல். "வளவளன்னு சொல்லுவாங்கம்மா. அதுலர்ந்து கேஸ் எதுன்னு பிரிச்சு எடுக்கணும்" என்றார். அது எனக்குத் தெரிந்த வேலைதான்.

8 அக்டோபர் 1980

புதிய கட்சிக்காரர்களின் கட்டைப் பிரித்தேன். முதல் தாளில் என் கையெழுத்து. முத்துமுத்தாக.

மண்ணாங்கட்டி. வேலை நீக்கம் செல்லாது என்று வழக்கு. மூன்று வருஷம் வேறொரு வக்கீலிடம் கிடந்துவிட்டு இங்கே வந்திருக்கிறது. வாரம் தவறாமல் அந்த வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றவள் எல்லம்மாளாம். மண்ணாங்கட்டி கிணறு வெட்டப் போன இடத்தில் கல் விழுந்து கால் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, ஊன்றி நடக்கிறார். ஐம்பத்தாறு வயதில் கிணறு வெட்டப் போனவர்.

மத்தியானம் வரை கட்டை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சகாதேவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ராமதாஸின் இழுப்பறை, அடித்த பெயர், ஐந்து விடைத்தாள், காபி வரைக்கும்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "விடைத்தாள் இருக்குதா?"

"இல்லை. நான்தான் பழைய பேப்பருக்குக் கட்டிப் போட்டேன்."

"அப்போ உங்க வாய் மட்டுந்தான் சாட்சி."

"ஆமாம்."

"கிழிச்சிடுவாங்கம்மா."

"பரவாயில்லை" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் வீரமாகக்கூட இருந்தது. அன்றைக்குப் பெருமை, இன்றைக்கு வீரம். எந்தக் காலத்தில்தான் எனக்கு என்னைப் பார்க்கத் தெரியும்?

23 ஜூலை 1981

கூண்டில் ஏறினேன். முதலில் சகாதேவன் கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு நிர்வாகத்தின் வக்கீல் எழுந்தார். வயதானவர், அன்பான முகம்.

"1977-ல நீங்க கையெழுத்துப் போட்ட அறிக்கை உண்மையா, பொய்யா?"

"பொய்."

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"யாராச்சும் மிரட்டுனாங்களா?"

யோசித்தேன். யார் மிரட்டினார்கள்? ஃபைல் மேஜை மேல் இருக்கிறது என்றார்கள். "மிரட்டல" என்றேன்.

"அப்போ வேலை நிரந்தரமாவணும்னு பொய் எழுதினீங்க."

"ஆமாம்."

"அந்த வேலை போயிட்டதுக்கு அப்புறம் இந்த உண்மை வெளிய வருது. இல்லீங்களா?"

நீதிபதி எழுதிக்கொண்டார்.

"தன் லாபத்துக்குப் பொய் சொல்றவங்கள நம்ப முடியாது. இந்தச் சாட்சி தன் லாபத்துக்குப் பொய் சொன்னத அவங்களே ஒத்துக்கறாங்க. வேற கேள்வி இல்லீங்க."

அழகான வாதம். ஒரு எடுகூற்றை அவர் கொண்டுவந்தார். இன்னொன்றை நான் கொடுத்தேன். உண்மையான எடுகூற்று. என் வாயாலேயே.

ஒருமுறை பொய் சொன்னவள் என்றைக்கும் பொய்தான் சொல்வாள் என்று இதில் ஒளிந்திருக்கிறதே, அது சரியா என்று கேட்டிருக்கலாம். சாட்சி கேள்வி கேட்கக் கூடாது. கேட்டிருந்தாலும் அவர் இன்னொன்று கேட்டிருப்பார்: வேலை இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கூண்டில் ஏறியிருப்பீர்களா?

ஏறியிருப்பேனா?

வெளியே வராந்தாவில் மண்ணாங்கட்டி கம்பை ஊன்றி நின்றிருந்தார். பக்கத்தில் எல்லம்மாள். நான் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்லப் போனேன் என்று தெரியவில்லை. அவரே பேசினார்.

"எதுக்கும்மா இப்போ?"

அவ்வளவுதான். எல்லம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

19 நவம்பர் 1981

வழக்கு தள்ளுபடி. என்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது: தானே ஒப்பமிட்ட ஆவணத்துக்கு மாறாகப் பேசுபவர், வேலை போன வகையில் நிர்வாகத்தின் மேல் மனக்கசப்பு உடையவர், நம்பத்தகுந்த சாட்சி அல்ல.

அந்தத் தாளை நான்தான் நகல் எடுத்தேன். என் வேலை அது.

20 நவம்பர் 1981

எல்லம்மாள் ஆபீஸுக்கு வந்தாள். என்னைத் தாண்டி நேராக உள்ளே போய், "மேல் கோர்ட்டு இருக்குதாமே? அதுல போடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

5 மார்ச் 1982

மேல்முறையீட்டு மனுவை எழுதும்போது சகாதேவன் சொன்னார், இந்தத் தடவை என் சாட்சியத்தை நம்பி நிற்க வேண்டாம் என்று. சரி என்றேன். அப்படியானால் எதை நம்பி நிற்பது என்று கேட்டார்.

எல்லம்மாள் 1977-ல் கேட்ட கேள்வியைச் சொன்னேன். யார் கேட்டது என்றும் சொன்னேன். அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தம்மா கேட்ட மாதிரியே எழுதுங்க" என்றார்.

எழுதினேன். நாலே வரி.

16 ஆகஸ்டு 1984

மேல் கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. வேலை நீக்கம் செல்லாது.

தீர்ப்பைப் படித்தேன். கேள்விகள் பீரோவிலிருந்துதான் வெளியாயின என்பதற்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. முந்தைய நாட்களில் கையெழுத்துப் பிரதி யாரிடம் இருந்தது என்று குழு விசாரிக்கவே இல்லை. ஆகவே முடிவு நிற்காது. கடைசியில் இப்படி இருக்கிறது: 'ஆதிலட்சுமி என்ற சாட்சியின் வாக்குமூலத்தை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்விக்குள் போகத் தேவையில்லை.'

தேவையில்லை. நான் பேசாதபோது அவர் வேலை போயிற்று. பேசியபோது வழக்கு தோற்றது. என்னை ஒதுக்கி வைத்த பிறகு ஜெயித்தது.

மண்ணாங்கட்டிக்கு ஜூன் மாதமே அறுபது முடிந்துவிட்டது. வேலைக்குத் திரும்பிப் போக முடியாது. குற்றம் செய்யாதவர் என்ற காகிதம் மட்டும் கிடைத்திருக்கிறது. ராமதாஸ் போன வருஷம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார் என்று கேள்வி.

தீர்ப்பின் நகலை வாங்க எல்லம்மாள் வந்தாள். அவள் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன்?

3 ஜனவரி 1985

மழை. ஆபீஸில் ஒருவரும் இல்லை. பழைய லாஜிக் குறிப்பேடுகளை எடைக்குப் போட்டேன்.

11 ஜூன் 1985

காலையில் சகாதேவன் கோர்ட்டுக்குப் போன பிறகு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி எல்லம்மாள். பத்து மாதமாகப் பார்க்கவில்லை. தலை நன்றாக நரைத்துவிட்டது. கூட வந்தவள் அவள் தெருவில் இருக்கிற பச்சையம்மாளாம். வீட்டு மனைப் பட்டாவுக்கு மனு போட்டு, தள்ளிவிட்டார்கள்.

தாலுகா ஆபீஸ் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'விசாரணைக்குச் சென்றபோது குடிசை பூட்டியிருந்தது. ஆகவே மனுதாரர் அவ்விடத்தில் வசிக்கவில்லை.'

"எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்று கேட்டேன்.

"பதினோரு மணிக்காம். அந்நேரத்துக்கு வூட்டுல யாரு இருப்பாங்க? நடவுக்குப் போயிருந்தேன்" என்றாள் பச்சையம்மாள். எனக்கு எதிரிலிருந்த நாற்காலியில் உட்காரத் தயங்கி நின்றாள்.

எல்லம்மாள் என்னைக் கையால் காட்டி அவளிடம் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரு வேலையப் போக வெச்சது இவங்கதான். நல்லா எழுதுவாங்க. ஒக்காரு."

பச்சையம்மாள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லம்மாளைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். எல்லம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "முழுப் பேரு சொல்லுங்க" என்றேன்.